வென்றவர் மோதிரம், வாங்கியவர் கை

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆண்டு முடிவில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸை வெல்லும் அணி, தன் வீரர்களுக்குத் தங்க மோதிரம் செய்து கொடுப்பது வழக்கம். கோப்பை அணியின் சொத்து. மோதிரம் தனியாளின் சொத்து. ஆண்டு, அணியின் பெயர், பெறுபவரின் பெயர் எல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் பொறித்த பொருள் அந்தப் பெயருக்கு உரியவரிடமே கடைசிவரை இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. கடன், மணமுறிவு, வாரிசுகளின் பாகப்பிரிவினை என்று ஏதோ ஒரு காரணத்தால் மோதிரங்கள் ஏலத்துக்கு வருகின்றன. அவற்றை வாங்கிச் சேர்ப்பதற்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஆடி வென்றதற்குச் சாட்சியாக இருக்கும் பொருளை ஆடாத இன்னொருவர் விலை கொடுத்து வாங்கும்போது, அவர் கைக்கு உண்மையில் வந்து சேர்வது எது? கேள்வி புதிதல்ல. புனிதர்களின் எலும்பையும் ஆடையையும் முன்வைத்துச் சமய அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக விவாதித்துவந்த கேள்விதான் இது.

வேர்ல்ட் சீரிஸ் 1903இல் தொடங்கியது. தொடக்க காலத்தில் வென்றவர்களுக்குக் கிடைத்தவை சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னங்களும், பையில் வைக்கும் கடிகாரத்தின் சங்கிலியில் தொங்கவிடும் பதக்கங்களும்தான். முதன்முதலில் மோதிரம் பெற்றவர்கள் 1922இல் வென்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியினர். அடுத்த ஆண்டு வென்ற நியூயார்க் யாங்கீஸ் தன் வீரர்களுக்குக் கடிகாரம் கொடுத்தது. 1927இல் அந்த அணியும் மோதிரத்துக்கு மாறியது. 1930களில் அது பொது மரபாகிவிட்டது. 1910ஆம் ஆண்டின் மோதிரம் என்று யாராவது ஒன்றைக் காட்டினால், விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை நிறைய உண்டு.

அந்தக் கால மோதிரங்கள் சிறியவை, அன்றாடம் போட்டுக்கொள்ளத் தக்கவை. இன்றையவை விரலை மடக்க விடாத அளவுக்குப் பருத்தவை. ஒரு பருவத்தின் கதை முழுவதையும் தங்கள் மீது சுமப்பவை. சிகாகோ கப்ஸ் அணி 108 ஆண்டுகள் காத்திருந்து 2016இல் வென்றது. அதன் மோதிர முகப்பைச் சுற்றி 108 வைரங்கள். உட்புறத்தில் ஓர் ஆட்டின் தலை. 1945 வேர்ல்ட் சீரிஸின்போது தன் வெள்ளாட்டோடு ரிக்லி ஃபீல்டு அரங்கத்துக்கு வந்து, வெளியேற்றப்பட்ட ஒரு மதுக்கடைக்காரர் அணியைச் சபித்தார் என்பது சிகாகோவில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தச் சாபம் தீர்ந்ததன் அடையாளமே அந்தத் தலை. 2021இல் வென்ற அட்லாண்டா பிரேவ்ஸ் மோதிரத்தில் 755 வைரங்கள் உண்டு. அது அந்த ஆண்டு ஜனவரியில் மறைந்த, அந்த அணியின் முன்னாள் வீரர் ஹேங்க் ஆரன் மொத்தமாக அடித்த ஹோம் ரன்களின் எண்ணிக்கை. கழுத்தில் முத்துமாலையோடு ஆடிய ஜாக் பீடர்சனை நினைத்து அதில் ஒரு முத்தும் பதித்தார்கள். இவற்றைச் செய்வது பெரும்பாலும் ஜாஸ்டன்ஸ் போன்ற நிறுவனங்கள். வடிவத்தை முடிவு செய்வது அணி நிர்வாகம். சில சமயம் வீரர்களின் கருத்தையும் கேட்கிறார்கள். நகைக்கலையின் அளவுகோலால் பார்த்தால் இவை அழகானவை என்று சொல்வது கடினம். ஆனால் இவற்றை அழகுக்காக யாரும் வாங்குவதில்லை.

பரிசுப்பொருள் நீடித்து நிற்பது என்பதே ஒரு திருப்பம்தான். பண்டைய கிரேக்கத்தில் ஒலிம்பியாவில் வென்றவருக்குக் காட்டு ஒலிவ இலையால் கட்டிய முடி மட்டுமே சூட்டினார்கள். பணத்துக்காக அல்லாமல் பெருமைக்காகப் போட்டியிடும் மனிதர்களோடு போருக்குப் போகிறோமே என்று ஒரு பாரசீகப் பிரபு திகைத்ததை ஹெரடோட்டஸ் தன் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல், பந்தய வீரரின் வாடும் முடியை வாடாத முடியோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். ஒலிவ முடி சில நாட்களில் காய்ந்து உதிர்ந்துவிடும். அதைத் திருடினாலும் விற்க முடியாது. வாங்கினாலும் வைத்துக்கொள்ள முடியாது. புகழ் மட்டும் பெயரோடு தங்கும். பரிசைத் தங்கத்தில் செய்தபோது அது வாடாத முடியானது. வாடாததால்தான் அதை அடகு வைக்கவும் ஏலம் விடவும் முடிகிறது.

மோதிரம் என்பது உழைத்து ஈட்டியது. அதை விலைக்கு வாங்குவது போலித்தனம் என்பது பொதுவான எண்ணம். விளையாட்டு ரசிகர்களிடம் இந்த எண்ணம் மிக வலுவாக இருக்கிறது. ஆனால் மோதிரம் யார் யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால் எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. ஆடிய வீரர்களோடு பயிற்சியாளர்கள், இளம் திறமைகளைத் தேடி ஊர் ஊராக அலையும் தேர்வாளர்கள், உடை மாற்றும் அறையைக் கவனிப்பவர்கள், அலுவலகப் பணியாளர்கள் எனப் பலரும் பெறுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே தரத்தில் கிடைப்பதில்லை. பல அணிகள் தங்கத்திலும் கற்களிலும் படிநிலை வைத்துச் செய்கின்றன. கப்ஸ் அணி 2016 வெற்றிக்காக மோதிரங்களும் சின்னங்களுமாக 1,908 வழங்கியது. 1908 அந்த அணி அதற்கு முன் கடைசியாக வென்ற ஆண்டு. ஆக, தகுதியுள்ளவர்களை எண்ணிப் பார்த்துக் கிடைத்த தொகையல்ல அது. தொகையை முதலில் குறித்துவிட்டு அதற்கேற்ப ஆட்களைத் தேடியதாகவே தெரிகிறது.

வீரர்களிடையேகூட ஈட்டுதல் என்பது வழுக்கும் சொல். பெங்கி மோலினா 2010 பருவத்தை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவராக) தொடங்கினார். ஆண்டின் நடுவே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸில் மோதியவை இந்த இரண்டு அணிகளே. யார் வென்றாலும் அவருக்கு ஒரு மோதிரம் உறுதி என்ற நிலை. ரேஞ்சர்ஸ் தோற்றது. தன்னைத் தோற்கடித்த அணியின் மோதிரத்துக்கு அவர் உரியவரானார். மறுபக்கம், எர்னி பேங்க்ஸ் கப்ஸ் அணிக்காக 2,528 ஆட்டங்கள் ஆடினார். அவற்றில் ஒன்றுகூட வேர்ல்ட் சீரிஸ் ஆட்டமல்ல. டெட் வில்லியம்ஸ் ஒரே முறை, 1946இல், அந்த மேடையை எட்டித் தோற்றார். பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவரான அவர் விரலில் வேர்ல்ட் சீரிஸ் மோதிரம் ஏறவே இல்லை. திறமைக்கும் மோதிரத்துக்கும் உள்ள தொடர்பு தளர்வானது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இன்னும் தெளிவான நிகழ்வு 2017இல் நடந்தது. 2003 அக்டோபரில் கப்ஸ் அணி வேர்ல்ட் சீரிஸை எட்ட ஐந்தே அவுட்கள் பாக்கி இருந்தபோது, பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு ரசிகர் தன் பக்கம் வந்த பந்தைப் பிடிக்கக் கை நீட்டினார், பந்து தட்டிப்போனது. அணி அந்த ஆட்டத்தையும் தொடரையும் இழந்தது. நகரம் பழியை அந்த ஒருவர் தலையில் போட்டது. அவர் பொதுவாழ்விலிருந்தே மறைந்துபோனார். சாபம் தீர்ந்த பிறகு, அணியின் உரிமையாளர்கள் அவருக்கும் ஒரு 2016 மோதிரம் கொடுத்தார்கள். இந்தக் கௌரவத்துக்குத் தான் தகுதியானவன் என்று நினைக்கவில்லை என அவர் அறிக்கையில் குறிப்பிட்டார், ஆனாலும் ஏற்றுக்கொண்டார். வெற்றியில் எந்தப் பங்கும் இல்லாத, தோல்விக்குக் காரணம் என்று ஏசப்பட்ட ஒருவர் பெற்ற மோதிரம் அது. ஆனாலும் அதைப் போலி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஈட்டியது, வாங்கியது என்ற இரண்டோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. கொடுக்கப்பட்டது என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. மோதிரம் அடிப்படையில் அந்த மூன்றாவது வகை. ஒரு சமூகம் தன்னைச் சேர்ந்தவர் என்று ஒருவரை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. கௌரவம் பெறுபவரைவிடக் கொடுப்பவரையே அதிகம் சார்ந்திருக்கிறது, அதனாலேயே அது மனித வாழ்வின் இறுதி நன்மையாக இருக்க முடியாது என்று அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் முதல் புத்தகத்தில் சொல்கிறார். அவருடைய அக்கறை கௌரவத்தின் குறையைக் காட்டுவது. மோதிரச் சேகரிப்பைப் பற்றி யோசிக்கும்போது அதே கருத்து வேறொரு திசையில் உதவுகிறது. கொடுப்பவரைச் சார்ந்ததுதான் கௌரவம் என்றால், கொடுக்கும் உரிமை இல்லாதவரிடமிருந்து அதைப் பெற முடியாது. மோதிரத்தை விற்கும் வீரர் பொருளைக் கொடுக்கலாம். கௌரவத்தைக் கொடுக்க அவரிடம் அதிகாரம் இல்லை. விற்ற பிறகும் அது அவரிடமேதான் இருக்கிறது.

அப்படியானால் ஏலத்தில் விலை எதற்கு? யாங்கீஸ் வீரர் பேப் ரூத்தின் 1927 மோதிரத்தை நடிகர் சார்லி ஷீன் வைத்திருந்தார். 2017இல் லீலாண்ட்ஸ் ஏல நிறுவனத்தின் மூலம் அது சுமார் 20.9 லட்சம் டாலருக்குப் போனது. அதில் இருந்த தங்கத்துக்கும் கல்லுக்கும் இந்த விலையில் ஒரு துளிப் பங்குகூட இல்லை. அந்த ஆண்டு யாங்கீஸ் 110 ஆட்டங்கள் வென்றது. ரூத் 60 ஹோம் ரன் அடித்தார். வேர்ல்ட் சீரிஸில் பிட்ஸ்பர்க் அணியை நான்குக்கு நான்கு என்று வீழ்த்தியது. அதே மோதிரம் அதே அணியின் வேறொரு வீரருக்குச் செய்யப்பட்டதும் உண்டு; அதே பட்டறை, அதே அச்சு. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

சேகரிப்பாளர்கள் இதில் நுணுக்கமான தரவரிசை வைத்திருக்கிறார்கள். உச்சியில் இருப்பது பெரிய வீரர் பெற்று அணிந்த மோதிரம். அடுத்து மற்ற வீரர்களுடையது, பிறகு பணியாளர்களுடையது. அதற்கும் கீழே விற்பனை மாதிரி: அணியிடம் காட்டி ஆர்டர் பெறுவதற்காகத் தயாரிப்பு நிறுவனமே செய்யும் மோதிரம். உண்மையான அச்சில் வார்த்தது, ஆனால் எந்த வெற்றியாளருக்கும் கொடுக்கப்படாதது. அதன் பிறகு, வெற்றிக்கு அடுத்த பருவத்தில் அரங்கத்துக்கு முதலில் வரும் சில ஆயிரம் ரசிகர்களுக்கு அணிகள் இலவசமாகக் கொடுக்கும் நகல்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கள்ளத்தனமாகச் செய்து விற்கப்படும் போலிகள். அமெரிக்கச் சுங்கத்துறை இவற்றைப் பொட்டலம் பொட்டலமாகப் பிடிப்பது அடிக்கடி வரும் செய்தி.

இந்தத் தரவரிசையை விளையாட்டு உலகம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கத்தோலிக்க மரபு புனிதப் பொருட்களை மூன்றாகப் பிரித்தது: புனிதரின் உடல், அவர் பயன்படுத்திய பொருள், அவற்றைத் தொட்ட பொருள். தேரவாத பௌத்தமும் மூன்று வகை சொல்கிறது. சாரீரிகம் உடலின் எச்சம்; பாரிபோகிகம் புத்தர் பயன்படுத்தியது, அவர் ஞானம் பெற்ற போதிமரமும் இதில் அடக்கம்; உத்தேசிகம் அவரை நினைவூட்டுவதற்காகச் செய்யப்பட்டது. மோதிரங்களைப் பொறுத்தவரை பௌத்தப் பகுப்பே கூடுதல் பயன் தருவது. ரூத்தின் மோதிரம் பாரிபோகிகம். அரங்க வாசலில் இலவசமாகக் கிடைத்த நகல் உத்தேசிகம். ஏலக்கூடம் இரண்டாவதைக் குப்பையாகப் பார்க்கும். பௌத்த மரபு அப்படிப் பார்ப்பதில்லை. புத்தரின் சிலை அவர் தொட்ட பொருள் அல்ல. ஆனாலும் அதன் முன் மலர் வைப்பவரின் வழிபாடு குறைபட்டதல்ல, ஏனென்றால் நினைவு கூர்தல் அங்கே நடக்கிறது. தன் அணியின் வெற்றியை நேரில் கண்ட ஒருவர் மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் பித்தளை நகலும், நினைவு கூர்தல் என்ற ஒரே வேலையைப் பொறுத்தவரை, முழுமையானதுதான். போலி மட்டும்தான் இந்த மூன்றிலும் சேராது. தான் இன்னது என்று அது பொய் சொல்கிறது; நகல் சொல்வதில்லை.

தொட்ட பொருளில் தொட்டவரின் ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்கிறது என்ற உணர்வை ஜேம்ஸ் ஃப்ரேசர் ‘பொற்கிளை’ நூலில் தொற்று மந்திரம் என்ற தலைப்பில் ஆராய்ந்தார், அதைப் பழங்குடி மனத்தின் பிழை என்று கருதினார். பிழையானாலும் அது எங்கும் போய்விடவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் பால் புளூமும் உடனாய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் போற்றும் பிரபலம் அணிந்த ஸ்வெட்டரை மக்கள் விரும்பினார்கள். அதை நன்றாகச் சுத்திகரித்துவிட்டோம் என்று சொன்னதும் அந்த விருப்பம் குறைந்தது. நவீன மனிதர்களும் தொற்றை நம்புகிறார்கள், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். மோதிரச் சேகரிப்பில் ‘அணிந்தது’ என்ற ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் கூடுதல் விலை இதிலிருந்து வருகிறது. தேய்ந்த விளிம்பும் மங்கிய எழுத்தும் வேறு எந்த நகையிலும் குறை. இங்கே அவை சான்று.

தொற்றை ஒதுக்கிவிட்டாலும் மோதிரத்துக்கு ஒரு நியாயமான மதிப்பு மிஞ்சுகிறது. அது ஓர் ஆவணம். நெல்சன் குட்மன் 1968இல் எழுதிய ‘கலையின் மொழிகள்’ நூலில், சில கலைப்படைப்புகளுக்கு எங்கே, யாரால், எப்படி உருவாயின என்ற வரலாறே அடையாளம் என்று வாதிட்டார். இசைக்கோர்வையைச் சரியாகப் படியெடுத்தால் அதுவும் அந்தக் கோர்வையே. ஓவியத்தை எவ்வளவு சரியாகப் படியெடுத்தாலும் அது படிதான். மோதிரம் ஓவியத்தின் பக்கம் நிற்கிறது. கல் உதிர்ந்து வேறு கல் பதிக்கப்பட்டிருக்கலாம். விரல் பருத்து அளவு மாற்றப்பட்டிருக்கலாம். கைமாறிய வழி அறுபடாமல் இருக்கும்வரை அது அதே மோதிரம். வழி அறுந்துபோனால் ஒவ்வொரு அணுவும் அசலாக இருந்தும் பயனில்லை. பாரி ஹால்பர் என்ற புகழ்பெற்ற சேகரிப்பாளரிடமிருந்து கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்கு வந்த, பழைய வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுடையது எனக் கருதப்பட்ட சட்டை, பிற்காலச் சோதனையில் அசல் அல்ல என்று தெரிந்தது. அதற்கு முன் அதைப் பார்த்து நெகிழ்ந்தவர்களின் நெகிழ்ச்சி பொய்யா என்பது தனிக் கேள்வி. பதினாறாம் நூற்றாண்டில், 1543இல், ஜான் கால்வின் திருப்பண்டங்களை, அதாவது புனிதர்களின் எச்சங்களைப் பற்றி எழுதிய கிண்டல் நூலில், அசல் என்று காட்டப்படுபவற்றை நம்ப முடியாததைத்தான் குத்திக் காட்டினார். ஊர் ஊராக வைத்திருக்கும் சிலுவைத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு கப்பலையே நிரப்பும் என்பது அவர் கணக்கு. கால்வின் போன்றவர்களின் கண்டனத்துக்குப் பிறகும், 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் டிரென்ட் சங்கம் திருப்பண்ட வணக்கத்தைக் கைவிடவில்லை. ஆயரின் ஒப்புதல் இல்லாமல் புதிதாக எதையும் ஏற்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. ஏல நிறுவனம் தரும் நம்பகச் சான்றிதழ் இன்று செய்யும் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

மோதிரத்தையே உதாரணமாக வைத்து இந்தச் சிக்கலைத் தொட்ட பழைய சிந்தனையாளர் ஒருவர் இருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின், ‘கடவுளின் நகரம்’ நூலின் முதல் புத்தகத்தில், இறந்தவர் உடலுக்கு ஏன் மரியாதை செய்ய வேண்டும் என்று விளக்கும்போது, தந்தையின் ஆடையும் மோதிரமும் பிள்ளைகளுக்கு அருமையாக இருப்பதைச் சுட்டுகிறார். அன்பு எவ்வளவோ அருமையும் அவ்வளவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் திருப்பண்ட வணக்கத்தை நியாயப்படுத்தும்போது இந்த இடத்தையே எடுத்தாண்டார். இந்த விளக்கத்தில் தொற்றுக்கு இடமில்லை. மோதிரத்துக்குள் தந்தையின் எந்த ஆற்றலும் ஒளிந்திருக்கவில்லை. அன்பு முன்னால் வருகிறது. பொருளின் மதிப்பு அதன் பின்னால் வருகிறது. சேகரிப்பாளரை எடைபோட இதைவிடத் துல்லியமான தராசு கிடைப்பது அரிது. சிறு வயதில் வானொலியில் ஆட்டம் கேட்டு வளர்ந்து, பின்னாளில் அந்த அணியின் பணியாளர் ஒருவரின் மோதிரத்தைத் தேடி வாங்கியவர், அகஸ்டின் சொல்லும் பிள்ளைக்கு நெருங்கியவர். ஐந்து ஆண்டுகளில் விலை இரட்டிப்பாகும் என்று அதே மோதிரத்தை வங்கிப் பெட்டகத்தில் வைப்பவரிடம் இருப்பது ஒரு முதலீடு. அதில் குற்றமில்லை, ஆனால் அதைச் சேகரிப்பு என்று அழைப்பது வெறும் மரியாதைக்காக.

விற்பனையைச் சமயங்கள் எப்போதும் சங்கடத்தோடுதான் பார்த்தன. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் திருப்பண்டங்களை விற்பனைக்கு வைப்பதைத் தடைசெய்தது. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1190ஆம் விதியில் அதை முற்றிலுமாக விலக்குகிறது. பரிசாக வந்ததைச் சரக்காக மாற்றினால், கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே இருந்த உறவு அறுந்துபோகிறது என்பதே இந்தத் தடைகளுக்குப் பின்னால் உள்ள உள்ளுணர்வு. சிகாகோ கப்ஸ் அணி 2016 மோதிரம் பெற்ற பணியாளர்களிடம் ஒரு நிபந்தனையில் கையெழுத்து வாங்கியதும் செய்தியானது: விற்க முன்வந்தால் ஒரு டாலருக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. வணிக நிறுவனம் ஒன்று தன் வழக்கறிஞர்கள் மூலம் திருச்சபைச் சட்டத்தை மறுபடி எழுதியது போலிருக்கிறது அது. ஒரு டாலர் என்பது விலை அல்ல. அந்தப் பொருளுக்கு விலை கிடையாது என்பதைச் சட்டத்தின் மொழியில் சொல்லும் வழி. இதை அணியின் பேராசை என்று குறை சொன்னவர்களும் உண்டு. கடனில் மூழ்கிய ஓர் ஊழியருக்கு அந்த மோதிரம் வீட்டைக் காப்பாற்றக்கூடும் என்பதை நினைத்தால் அந்தக் குறையையும் எளிதில் தள்ள முடியாது. பஞ்ச காலத்தில் ஆலயத்தின் பொற்கலங்களை உருக்கி ஏழைகளைக் காப்பாற்றிய ஆயர்களைச் சமய மரபு புகழ்ந்தே பேசுகிறது.

கொடுத்ததன் அடிப்படையே பழுதாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் பேஸ்பால் சந்தித்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2017இல் வென்றது. அந்தப் பருவத்தில் கேமரா உதவியால் எதிரணி கேட்சரின் சைகைகளைத் திருடியது 2020 ஜனவரியில் விசாரணையில் உறுதியானது. அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம் விதித்த பேஸ்பால் ஆணையர் ராப் மேன்ஃபிரெட், பட்டத்தைப் பறிக்கவில்லை. ஓர் உலோகத் துண்டைத் திருப்பிக் கேட்பதில் பயனில்லை என்ற பொருளில் கோப்பையைப் பற்றி அவர் பேசியது வீரர்களைக் கொதிக்க வைத்தது. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. தத்துவ நோக்கில் அவர் சொன்னது பாதி சரி: நடந்ததை எந்த உலோகத்தாலும் மாற்ற முடியாது. மீதிப் பாதியில் அவர் தவறினார். அது வெறும் உலோகம் என்று அதைக் கொடுக்கும் பீடத்தில் இருப்பவரே சொல்லிவிட்டால், கொடுத்தல் என்ற செயலே காலியாகிவிடுகிறது. 2017 ஆஸ்ட்ரோஸ் மோதிரங்களும் சந்தையில் விற்கின்றன. அவற்றை வாங்குபவர் வெற்றியின் சாட்சியை வாங்குகிறாரா, முறைகேட்டின் சாட்சியையா என்பதை மோதிரம் சொல்லாது. இரண்டுக்குமே அது சாட்சி.

வெறும் உலோகம் என்பதை அப்படியே செய்து காட்டியவர்கள் திருடர்கள். யோகி பெரா யாங்கீஸ் வீரராக 10 வேர்ல்ட் சீரிஸ் வென்றவர். வேறெந்த வீரரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபால்ஸில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்குள் 2014 அக்டோபரில் புகுந்தவர்கள், அவருடைய ஒன்பது வேர்ல்ட் சீரிஸ் மோதிரங்களையும் வேறு சில மோதிரங்களையும் ஆண்டின் சிறந்த வீரருக்கான இரண்டு விருதுப் பலகைகளையும் கொண்டுபோனார்கள். அப்போது பெராவுக்கு வயது 89. அடுத்த ஆண்டு செப்டம்பரில் காலமானார். பல ஆண்டுகள் துப்பு கிடைக்கவில்லை. 2023இல் பென்சில்வேனியாவில் ஒரு திருட்டுக் கும்பல் மீது தாக்கலான குற்றப்பத்திரிகையில்தான் விடை வந்தது: மோதிரங்களை உருக்கி, தங்கமாக விற்றுவிட்டார்கள். அவற்றின் மதிப்பு 10 லட்சம் டாலருக்கு மேல் என்று மதிக்கப்பட்டது. உருக்கிய தங்கத்துக்குக் கிடைத்தது அதில் சிறு பகுதி. திருடர்கள் முட்டாள்கள் என்று பலர் எழுதினார்கள். ஆனால் பெயர் பொறித்த மோதிரத்தைத் திருடியவரால் விற்க முடியாது. விற்கத் தக்கதாக அதை மாற்ற வேண்டுமானால், அதை மோதிரமாக ஆக்கியிருந்த எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். உருக்கிய பிறகும் தங்கத்தின் எடையில் இழப்பு ஏறக்குறைய இல்லை. பெராவின் பத்து வெற்றிகளிலும் இழப்பில்லை. 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து முறை யாங்கீஸ் வென்றபோது அவர் அதில் இருந்தார் என்பதை எந்த உலையாலும் தொட முடியாது. அழிந்தது இவை இரண்டுக்கும் நடுவே இருந்த ஒன்று: வெற்றியையும் உலோகத்தையும் இணைத்து வைத்திருந்த சாட்சி. சேகரிப்பாளர் காசு கொடுத்து வாங்குவது இந்த நடுப்பொருளைத்தான். அது உண்மையான பொருள். ஆனால் எளிதில் அழியக்கூடியது, அதனாலேயே காவல் தேவைப்படுவது.

சேர்க்கும் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மோதிரம் என்று வரிசையை நிரப்ப முயல்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வரிசை நிரம்பவே நிரம்பாது. ஆண்டுதோறும் ஒன்று கூடுகிறது. தொடக்க ஆண்டுகளில் மோதிரமே இல்லை. 1994இல் வேலைநிறுத்தத்தால் வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. பெறுபவர்களுக்கோ இந்த ஆசை சில சமயம் தலைகீழாக வேலை செய்தது. ஃபிராங்க் குரோசெட்டி வீரராகவும் பயிற்சியாளராகவும் யாங்கீஸோடு 17 வேர்ல்ட் சீரிஸ் வெற்றிகளில் பங்குகொண்டவர். மோதிரம் குவிந்துபோனதால், பின்னாளில் அதற்குப் பதிலாகப் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுகிறது. வாங்குபவருக்கு ஒன்றே போதாமல் இருக்கும்போது, வென்றவருக்கு அது போதும் போதும் என்றாகிவிட்டது. ஆசையின் அளவு பொருளில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் மனத்தில் இருக்கிறது என்ற பௌத்தப் பாடத்துக்கு குரோசெட்டியின் துப்பாக்கிகள் எதிர்பாராத சான்று.

விலைக்கு வாங்கிய மோதிரத்தை அணியலாமா என்பதில் சேகரிப்பாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும்போது அது வேறொருவரின் வெற்றியைச் சொல்கிறது. விரலில் ஏறியவுடன், அணிந்தவர் வாயைத் திறக்காவிட்டாலும், அது அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறது. எதிரில் இருப்பவர் தவறாக எண்ணிக்கொண்டால் திருத்தும் கடமை அணிந்தவருக்கு உண்டு. திருத்தும்வரை அந்த அசல் மோதிரம் போலி செய்யும் வேலையைத்தான் செய்கிறது.

கூப்பர்ஸ்டவுனில் 1939இல் திறக்கப்பட்ட பேஸ்பால் அருங்காட்சியகம் பொதுவாகப் பொருட்களை விலைக்கு வாங்குவதில்லை. நன்கொடையாக வருவதையே ஏற்கிறது. அங்கே காட்சியில் உள்ள வேர்ல்ட் சீரிஸ் மோதிரங்களைப் பார்க்க வருபவர் பேழைக்கு மேல் விலைச்சீட்டைக் காண்பதில்லை. சில மோதிரங்கள் வீரரின் குடும்பத்திலிருந்து நேராக அருங்காட்சியகங்களுக்கு வருகின்றன. சில பல கைகள் மாறி, பல முறை ஏலம் போய், கடைசியில் ஒரு சேகரிப்பாளர் விற்காமல் கொடுக்க முடிவு செய்ததால் வருகின்றன. இரண்டாவது வகையில், அணி முதலில் கொடுத்ததற்கும் சேகரிப்பாளர் கடைசியில் கொடுத்ததற்கும் இடையே நடந்த எல்லா விற்பனைகளும் பொருளின் வரலாற்றில் சில வரிகளாகப் பதிவேட்டில் ஏறுகின்றன.